அடுத்தவர் எழுதிய கிளாஸில் நம் மெத்தட்டைச் சேர்க்கலாமா?

திருவொற்றியூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. மணலிப் பக்கம் உள்ள ஒரு கன்டெய்னர் யார்டின் அலுவலகத்துக்கு அவர் சி ஷார்ப் மொழியில் மென்பொருள் எழுதுகிறார். ரூபாய்த் தொகையை நம் வழக்கப்படி 12,34,567 என்று காற்புள்ளி இட்டுக் காட்ட வேண்டும். கையால் தட்டச்சு செய்யப்பட்ட ஒரு ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) முறையான கன்டெய்னர் எண்தானா என்று பார்க்க வேண்டும். வெளியிலிருந்து வாங்கிய லைப்ரரியில் (ஆயத்த நிரல் தொகுப்பில்) உள்ள கன்டெய்னர் கிளாஸுக்கு யார்டு வாடகையைக் கணக்கிட வேண்டும். இந்த மூன்றையும் அவர் எக்ஸ்டென்ஷன் மெத்தட்களாக, அதாவது ஏற்கெனவே உள்ள வகைக்கு வெளியிலிருந்து சேர்க்கும் மெத்தட்களாக, எழுதிவிட்டார். அலுவலகத்தில் மூத்தவர் ஒருவரோ, “அடுத்தவர் கிளாஸில் கை வைக்காதே, மரபுரிமம் வழியாகச் செய்” என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, உங்கள் மூன்று மெத்தட்களில் முதலாவது இருக்கும் இடத்திலேயே இருக்கலாம். இரண்டாவது வேறு இடத்துக்குப் போக வேண்டும். மூன்றாவது, நீங்கள் எழுதியிருக்கும் வடிவில், தவறான பில்லை அச்சிடும். உங்கள் மூத்தவரின் எச்சரிக்கையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் சொல்லும் மாற்றுவழி இந்த மூன்றில் ஒன்றுக்கும் உதவாது. இவ்வளவையும் காரணத்தோடு சொல்ல வேண்டுமானால் சற்று நீளமாகத்தான் எழுத வேண்டும். ஒரு வகைப் பொருளின் தரவையும் அதன் செயல்களான மெத்தட்களையும் வரையறுப்பதுதான் கிளாஸ். பிளஸ் ஒன் பாடநூல் அதை இனக்குழு என்கிறது; தண்டையார்பேட்டையில் நான் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பிள்ளைகள் எல்லாரும் கிளாஸ், மெத்தட் என்றே சொல்வதால் இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

மரபுரிமத்தை, அதாவது ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றைப் பிறப்பிப்பதை, முதலில் பார்த்துவிடுவோம். சி ஷார்ப்பில் ஸ்ட்ரிங் கிளாஸ் மூடி முத்திரையிடப்பட்டது. அதிலிருந்து இன்னொரு கிளாஸைப் பிறப்பிக்க மொழியே அனுமதிக்காது. ஜாவாவிலும் அப்படியே. ரூபாய்த் தொகையை வைத்திருக்கும் டெசிமல் வகை கிளாஸே அல்ல, ஒரு ஸ்ட்ரக்ட். அதற்கு வாரிசே கிடையாது. லைப்ரரியின் கன்டெய்னர் கிளாஸிலிருந்து வேண்டுமானால் ‘யார்டுகன்டெய்னர்’ என்று ஒன்றைப் பிறப்பிக்கலாம். ஆனால் அந்த லைப்ரரி தன் கோப்புகளைப் படித்து உங்களிடம் தரும் ஆப்ஜெக்ட்கள் (கிளாஸின் வரையறைப்படி உருவாகும் உருப்படிகள்) எல்லாம் அதன் சொந்தக் கன்டெய்னர்களாகவே வரும், உங்கள் வாரிசாக வராது. ஆப்ஜெக்டை யார் உருவாக்குகிறாரோ அவர்தான் அது எந்த கிளாஸைச் சேர்ந்தது என்று முடிவுசெய்கிறார். உருவாக்கும் வேலை நம் கையில் இல்லாதபோது மரபுரிமத்தால் நமக்கு ஒரு பயனும் இல்லை. ஏற்கெனவே பிறந்துவிட்ட பிள்ளைக்குப் புதிதாக ஒரு தாத்தாவை ஏற்படுத்த முடியாதது போன்றது இது. ஏற்கெனவே இருக்கும் கிளாஸுக்கே மெத்தட் சேர்க்கும் வசதியை மொழிகள் தேடிச் சென்றதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

அந்த வசதி இரண்டு வேறு குணங்களில் இருக்கிறது. ஒரே பெயரால் இரண்டையும் அழைப்பதால்தான் உங்கள் அலுவலகத்தில் வாக்குவாதம் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு வகையில் கிளாஸ் உண்மையாகவே மாறிவிடுகிறது: ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் அந்த கிளாஸின் மெத்தட் பட்டியலில் புதிய பெயர் ஏறிவிடும், நிரலின் மூலைமுடுக்கெல்லாம் அது தெரியும். ஸ்மால்டாக், ரூபி, ஜாவாஸ்கிரிப்ட், ஆப்ஜெக்டிவ் சி ஆகியவை இந்த வழி. மற்ற வகையில் கிளாஸை யாரும் தொடுவதே இல்லை. தனியாக எழுதிய ஒரு ஃபங்ஷனை, மெத்தட்டைப் போலப் புள்ளி வைத்து அழைக்கும் சலுகையை மட்டும் கம்பைலர் (நிரலை மொழிபெயர்க்கும் மென்பொருள்) தருகிறது. சி ஷார்ப், கோட்லின், டார்ட் ஆகியவை இந்த வழி. மூத்தவர் அஞ்சுவது முதல் வகையைக் கண்டு. நீங்கள் பயன்படுத்துவது இரண்டாவது வகையை.

முதல் வகைக்கு அஞ்சுவது தவறில்லை. அந்த அச்சத்தை நான் அனுபவித்தே கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், ஜாவாஸ்கிரிப்டின் அர்ரே (உறுப்புகளின் வரிசை) புரோட்டோடைப்பில், அதாவது எல்லா அர்ரேக்களும் பகிர்ந்துகொள்ளும் பொது வார்ப்பில், ‘கூட்டுத்தொகை’ என்ற பொருளில் ஒரு மெத்தட்டைச் சேர்த்தேன். எழுதிய பக்கத்தில் மிக அழகாக வேலை செய்தது. அதே இணையதளத்தின் இன்னொரு பக்கத்தில் வேறொருவர், ரசீது வரிகளைக் காட்ட, பெயர்களை ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபார்-இன் சுற்றைப் பயன்படுத்தியிருந்தார். அந்தச் சுற்று அர்ரேயின் உறுப்பு எண்களோடு நிற்பதில்லை. புரோட்டோடைப்பில் எண்ணக்கூடியவை, அதாவது சுற்றில் தென்படுபவை, என்று குறிக்கப்பட்ட பெயர்களையும் சேர்த்தே எடுத்துவரும். அதனால் ஒவ்வொரு ரசீதின் அடியிலும் ஒரு கூடுதல் வரி வந்து, அதில் என் மெத்தட்டின் நிரல் வரிகளே எழுத்தாக அச்சாகின. அந்தப் பக்கத்தை எழுதியவர் இரண்டு நாள் தன் நிரலில் பிழை தேடினார். பிழை அங்கே இல்லை என்பது எனக்குத் தெரிந்தபோது, அவரிடம் போய்ச் சொல்லவே கூச்சமாக இருந்தது. அந்தப் பெயரை எண்ணப்படாததாக அறிவித்திருந்தால் இந்தக் குறிப்பிட்ட விபத்து நேர்ந்திருக்காது. ஆனாலும், ஒருவர் தன் வசதிக்காகச் செய்த மாற்றம் அதைக் கேள்விப்படாத இன்னொருவரின் நிரலில் போய் இறங்குகிறதே, அந்த அடிப்படைச் சிக்கல் அப்படியேதான் இருந்திருக்கும்.

இதே சிக்கல் உலக அளவில் நடந்ததும் உண்டு. மூடூல்ஸ் என்ற பழைய ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி அர்ரேயில் ஃப்ளாட்டன் என்ற மெத்தட்டைத் தானாகச் சேர்த்திருந்தது. அர்ரேயில் தான் சேர்த்த மெத்தட்களையெல்லாம் சுற்றி எடுத்துத் தன்னுடைய எலிமென்ட்ஸ் கிளாஸுக்கும் நகலெடுத்தது. பின்னாளில் மொழியின் தரத்திலேயே ஃப்ளாட்டனைச் சேர்க்க முடிவுசெய்து உலாவியில் பரிசோதித்தபோது, உலாவி தரும் மெத்தட் எண்ணப்படாத வகையைச் சேர்ந்ததாக இருந்தது. அதன் மேல் மூடூல்ஸ் தன்னுடையதை எழுதினாலும் அந்தக் குணம் மாறவில்லை. ஆகவே நகலெடுக்கும் சுற்றின் கண்ணில் அது படவில்லை. பழைய இணையதளங்கள் உடைந்தன. 2018 மார்ச்சில் இது பெரிய விவாதமாகி, கடைசியில் மெத்தட்டின் பெயரே ஃப்ளாட் என்று மாற்றப்பட்டு 2019-ஆம் ஆண்டுத் தரத்தில் இடம்பெற்றது. அதற்கு முன்பே கன்டெயின்ஸ் என்று வரவிருந்த மெத்தட் இதே லைப்ரரியோடு மோதியதால் இன்க்ளூட்ஸ் என்று பெயர் மாறி 2016 தரத்தில் வந்திருந்தது. ஒரு லைப்ரரி தனக்குச் சொந்தமில்லாத கிளாஸில் வைத்த இரண்டு பெயர்களால், உலகம் முழுவதும் பயன்படுத்தும் ஒரு மொழி தன் சொற்களை மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

ரூபி மொழிக்காரர்கள் இந்தத் திறந்த கிளாஸ்களை வைத்து மிக இனிமையான நிரல்கள் எழுதியிருக்கிறார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ரூபியில் எழுதிய ரெயில்ஸ் என்ற இணையக் கட்டமைப்பில் எண் 3-இன் பின்னால் புள்ளி வைத்து ‘டேஸ்’, மறுபடி புள்ளி வைத்து ‘அகோ’ என்று எழுதினால் மூன்று நாளுக்கு முந்தைய நேரம் கிடைக்கிறது. படிப்பவருக்கு விளக்கமே வேண்டாம். இருந்தும் இதன் ஆபத்தை உணர்ந்த ரூபி, 2013-இல் வந்த 2.0 பதிப்பில் ரிஃபைன்மென்ட் என்ற வசதியைச் சோதனையாகக் கொண்டுவந்து, அதே ஆண்டின் இறுதியில் 2.1 பதிப்பில் உறுதிப்படுத்தியது. சேர்த்த மெத்தட்டை, அதை வேண்டும் என்று கேட்ட கோப்புக்குள் மட்டும் தெரியச் செய்வது அது. ஆப்ஜெக்டிவ் சி-யில் கேட்டகரி என்ற பெயரில் இதே வேலை நடந்தது. இருவர் ஒரே கிளாஸில் ஒரே பெயரைச் சேர்த்துவிட்டால் எது ஓடும் என்பதற்கு அங்கே உத்தரவாதமே இல்லை. அதனால் பெயருக்கு முன்னால் தம் குறியீட்டு எழுத்துகளை ஒட்டிக்கொள்வது அந்த மொழியில் வழக்கமாயிற்று. பைத்தானில் நாம் எழுதிய கிளாஸில் எதையும் சேர்க்கலாம். எஸ்டிஆர் (ஸ்ட்ரிங்) போன்ற உள்ளமைந்த கிளாஸைத் தொட முயன்றால் பிழை காட்டி நிறுத்திவிடும்.

இனி உங்கள் மொழிக்கு வருவோம். 2007-இல் வெளிவந்த சி ஷார்ப் 3.0 எக்ஸ்டென்ஷன் மெத்தட்டைக் கொண்டுவந்தது லிங்க் என்ற வினவல் வசதிக்காக. வேர், செலக்ட் போன்ற மெத்தட்கள் ஐஎன்யூமரபிள் என்ற இன்டர்ஃபேஸை (ஒரு கிளாஸில் இருந்தாக வேண்டிய மெத்தட்களின் பட்டியலை) நிறைவேற்றும் எல்லாவற்றுக்கும் வேண்டும். ஆனால் அந்த இன்டர்ஃபேஸிலேயே அவற்றைச் சேர்த்தால், அதுவரை உலகில் அதை நிறைவேற்றியிருந்த ஒவ்வொரு கிளாஸும் உடைந்துபோகும். ஆகவே இன்டர்ஃபேஸைத் தொடாமல், ஸ்டாட்டிக் கிளாஸ் ஒன்றில் ஸ்டாட்டிக் மெத்தட்களாக (எந்த ஆப்ஜெக்டையும் சாராதவையாக) எழுதி, முதல் அளவுருவின் முன்னால் திஸ் என்ற சொல்லை வைத்தால் அதைப் புள்ளி வைத்து அழைக்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். ஜாவா இதே நெருக்கடிக்கு 2014-இல், எட்டாம் பதிப்பில், வேறு விடை கண்டது: இன்டர்ஃபேஸுக்குள்ளேயே டீஃபால்ட் மெத்தட் எழுதலாம் என்றது. அதில் சேர்க்கும் உரிமை இன்டர்ஃபேஸின் சொந்தக்காரருக்கு மட்டுமே. உங்களைப் போல வெளியில் நிற்பவருக்கு அது பயன்படாது. 2025 நவம்பரில் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் 10 தளத்துடன் வந்த சி ஷார்ப் 14, எக்ஸ்டென்ஷனாக ப்ராப்பர்ட்டிகளையும் எழுத வழி செய்திருக்கிறது. அடிப்படைக் குணம் மாறவில்லை.

அந்தக் குணம் என்னவென்றால், எந்த மெத்தட் ஓடும் என்பதைக் கம்பைலர் முன்கூட்டியே, எழுத்தைப் பார்த்தே தீர்மானித்துவிடுகிறது என்பதாகும். வண்ணாரப்பேட்டையில் நின்று ‘மணிக்கூண்டு’ என்றால் மின்ட் மணிக்கூண்டு. அதே சொல்லை இராயப்பேட்டையில் சொன்னால் வேறொரு மணிக்கூண்டு. எக்ஸ்டென்ஷன் மெத்தட்டின் பெயரும் அப்படித்தான்: அந்தக் கோப்பின் தலையில் எந்த நேம்ஸ்பேஸை (பெயர்த் தொகுதியை) யூசிங் என்று அழைத்திருக்கிறீர்களோ அதைப் பொறுத்துப் பொருள்படுகிறது. அழைக்காத கோப்பில் அப்படியொரு மெத்தட் இருப்பதே தெரியாது. நான் செய்த ரசீதுப் பிழை போன்றது இங்கே நேராததற்கு இதுவே காரணம். கிளாஸ் தனக்குள் மறைத்துவைத்திருக்கும் பிரைவேட் உறுப்புகள் எதையும் இதனால் தொட முடியாது என்பதும் இதிலிருந்தே வருகிறது, ஏனென்றால் அது உள்ளே இல்லை, வெளியேதான் நிற்கிறது. ‘நல்’ (ஒன்றுமில்லை) என்ற மதிப்பின் மேல் இதை அழைத்தாலும் அழைப்பு நடந்துவிடும். சாதாரண மெத்தட்டாக இருந்தால் அந்த இடத்திலேயே விதிவிலக்கு எழும். கோட்லினில் ‘வெறுமையா’ என்று கேட்கும் மெத்தட்டை இல்லாத ஸ்ட்ரிங் மேலும் அழைக்க முடிவது இந்த வசதியால்தான்.

உங்கள் மூன்றாவது மெத்தட் இடறுவதும் இதே குணத்தால்தான். லைப்ரரியில் கன்டெய்னர் என்ற கிளாஸும், அதிலிருந்து பிறந்த ரீஃபர் என்ற குளிர்பதனக் கன்டெய்னர் கிளாஸும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் தனித்தனியே ‘வாடகை’ என்ற எக்ஸ்டென்ஷன் எழுதி, ரீஃபருக்கு உரியதில் மின்இணைப்புக் கட்டணத்தையும் சேர்த்திருக்கிறீர்கள். ஆனால் பில் போடும் இடத்தில் உங்களிடம் இருப்பது கன்டெய்னர்களின் பட்டியல். அந்தப் பட்டியலைச் சுற்றும் மாறியின் வகை கன்டெய்னர் என்று எழுதப்பட்டிருப்பதால், கம்பைலர் அந்த எழுத்தை மட்டும் பார்த்து, உள்ளே உண்மையில் ரீஃபர் இருந்தாலும் சாதாரண வாடகையையே அழைக்கும். எச்சரிக்கை எதுவும் வராது. பல்லுருவாக்கம் என்று நாம் படித்தது, ஆப்ஜெக்ட் ஓடும்போது தன் உண்மை வகைக்கு ஏற்ற மெத்தட்டைத் தேர்ந்தெடுப்பது. அது கிளாஸுக்குள் பிறந்த மெத்தட்களுக்கு மட்டுமே உண்டு. வெளியிலிருந்து சேர்த்ததற்குக் கிடையாது. யார்டில் பத்து நாள் மின்சாரம் இழுத்துக்கொண்டு நின்ற ரீஃபர், மின்கட்டணம் இல்லாத பில்லோடு கேட்டைத் தாண்டிப் போய்விடும்.

இன்னொரு கண்ணியையும் சொல்ல வேண்டும். கிளாஸில் சொந்தமாக ஒரு மெத்தட் இருந்து, அழைப்பு அதற்குப் பொருந்தினால், வெளியிலிருந்து சேர்த்தது ஒருபோதும் அழைக்கப்படாது. சி ஷார்ப், கோட்லின் இரண்டிலும் இதுவே விதி. இன்று லைப்ரரியின் கன்டெய்னரில் ‘வாடகை’ இல்லை. நாளை அந்த லைப்ரரிக்காரர்கள் அதே பெயரில் கப்பல் நிறுவனத்துக்குத் தரும் வாடகையைக் கணக்கிடும் மெத்தட் ஒன்றைச் சேர்த்துப் புதிய பதிப்பு விட்டால், நீங்கள் மறுபடி கம்பைல் செய்யும் நாளில் உங்கள் அழைப்புகள் எல்லாம் சத்தமில்லாமல் அங்கே திரும்பிவிடும். இது கற்பனை அச்சமல்ல. கோட்லினில் பட்டியலின் முதல் உறுப்பை நீக்கும் ரிமூவ்ஃபர்ஸ்ட் என்பது எக்ஸ்டென்ஷனாக இருந்துவந்தது. 2023-இல் வந்த ஜாவா 21, லிஸ்ட் இன்டர்ஃபேஸிலேயே அதே பெயரைச் சேர்த்தது. ஆண்ட்ராய்டு 15 அதை ஏற்றுக்கொண்டது. அந்தப் புதிய பதிப்பை வைத்துக் கம்பைல் செய்த செயலிகளில், ஒரு வரியும் மாறாமலே, அழைப்பு எக்ஸ்டென்ஷனிலிருந்து உள்மெத்தட்டுக்கு மாறிவிட்டது. பழைய ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அந்த உள்மெத்தட் இல்லாததால் செயலிகள் அங்கே நின்றுபோயின.

அப்படியானால் முதல் மெத்தட்டை மட்டும் ஏன் சரி என்றேன்? தொகையைக் காற்புள்ளியோடு காட்டுவது எந்த டெசிமலுக்கும் பொருந்தும். விடை அந்த எண்ணிலிருந்து மட்டுமே வருகிறது; வேறு எதையும் கேட்பதில்லை, எதையும் மாற்றுவதில்லை. டாட்நெட்டில் தமிழ்-இந்தியக் கலாச்சார அமைப்பைக் கொடுத்தால் முதலில் மூன்று இலக்கம், பிறகு இரண்டிரண்டாக என்று அதுவே பிரித்துத் தரும். உங்கள் மெத்தட் ஒவ்வொரு இடத்திலும் அந்த அமைப்பைத் திரும்பத் திரும்ப எழுதாமல் காக்கிறது. எக்ஸ்டென்ஷனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை.

கன்டெய்னர் எண் அப்படியல்ல. ஐஎஸ்ஓ 6346 தரத்தின்படி அதில் உரிமையாளரைக் குறிக்கும் மூன்று எழுத்து, வகையைக் குறிக்கும் ஓர் எழுத்து, ஆறு இலக்க வரிசை எண், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் என்று இருக்கும். எழுத்துகளுக்கு 10-இலிருந்து மதிப்பு கொடுத்து, 11, 22, 33 ஆகிய மூன்றை மட்டும் தாண்டிச் செல்வார்கள். சி, எஸ், கியூ, யு என்ற எழுத்துகளோடு 305438 என்ற எண்ணை எடுத்துக்கொண்டால், எழுத்துகளின் மதிப்பு 13, 30, 28, 32. இந்தப் பத்து மதிப்புகளையும் வரிசையாக 1, 2, 4, 8 என்று இரட்டித்துச் செல்லும் எடைகளால் பெருக்கிக் கூட்டினால் 6185 வரும்; அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. அந்த 3-தான் சரிபார்ப்பு இலக்கம். மீதி 10 வந்தால் இலக்கம் 0. எண்ணூர் விரைவு சாலையில் வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர்களில் எதைப் பார்த்தாலும், பெட்டியின் கதவில் அந்தக் கடைசி இலக்கத்தைத் தனியே கட்டம் கட்டி எழுதியிருப்பதைக் காணலாம். இவ்வளவு அறிவையும் நீங்கள் ஸ்ட்ரிங் என்ற பொது வகையின் மேல் ஏற்றியிருக்கிறீர்கள். இப்போது ஓட்டுநர் பெயர், சீல் எண், கேட் பாஸ் குறிப்பு என்று எந்த ஸ்ட்ரிங்குக்குப் பின்னால் புள்ளி வைத்தாலும் ‘கன்டெய்னர்எண்சரியா’ என்று எடிட்டர் முன்மொழியும். அதைவிடப் பெரிய குறை, சரிபார்த்த பிறகும் கையில் இருப்பது வெறும் ஸ்ட்ரிங் என்பது; சரிபார்த்தாயிற்றா இல்லையா என்பது அடுத்த ஃபங்ஷனுக்குத் தெரியாது, அது மறுபடி சரிபார்க்கும் அல்லது மறந்துவிடும். ‘கன்டெய்னர்எண்’ என்று ஒரு சிறு கிளாஸ் எழுதி, தவறான எண்ணை அதன் கன்ஸ்ட்ரக்டரே (ஆப்ஜெக்டை உருவாக்கும் பகுதியே) மறுத்துவிடும்படி செய்யுங்கள். அந்த வகையில் ஒரு மாறி இருக்கிறதென்றால் எண் சரியானது என்பது அப்போது வகையிலேயே எழுதப்பட்டுவிடும்.

வாடகைக்கு வருகிறேன். இதை எங்கே வைப்பது என்று யோசிக்கும்போது மொழியை விட்டுவிட்டு யார்டைப் பாருங்கள். அதே பெட்டி மாதவரத்தில் இன்னொரு யார்டில் நின்றால் வாடகை வேறு. கட்டணமில்லா நாட்கள் எத்தனை என்பது வாடிக்கையாளரோடு செய்த ஒப்பந்தத்தைப் பொறுத்தது. கட்டண அட்டவணை ஏப்ரலில் மாறலாம். வாடகை கன்டெய்னரின் குணமே அல்ல. யார்டு, வாடிக்கையாளர், பெட்டி, நாட்கள் ஆகிய நான்கும் சேர்ந்து உண்டாக்குவது. எக்ஸ்டென்ஷன் மெத்தட் ஸ்டாட்டிக்காக இருப்பதால், இந்த அட்டவணையை அது எங்கிருந்தோ பொதுமாறி வழியாக இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். சோதனைக்கு வேறு அட்டவணை கொடுத்துப் பார்க்க இப்போது வழியே இல்லை. ‘வாடகைக்கணக்கு’ என்று உங்களுக்கே சொந்தமான ஒரு கிளாஸ் எழுதி, கட்டண அட்டவணையை அதன் கன்ஸ்ட்ரக்டரில் கொடுங்கள். கன்டெய்னரை வாங்கும் மெத்தட்டுக்குள் ஸ்விட்ச் வைத்து, வந்திருப்பது ரீஃபரா என்று ஓடும்போதே கேளுங்கள். ரீஃபரை முதலில் சோதித்துவிட்டுப் பொதுவான கன்டெய்னரைப் பிறகு வையுங்கள்; மாற்றி வைத்தால் கம்பைலரே பிழை சொல்லும்.

முதல் மெத்தட்டை வைத்துக்கொள்ளும்போது ஒரு சிறிய திருத்தம் மட்டும் செய்யுங்கள். அதை இப்போது சிஸ்டம் என்ற நேம்ஸ்பேஸுக்குள் போட்டிருக்கிறீர்கள். எங்கும் யூசிங் எழுதாமல் கிடைக்கட்டும் என்பதற்காக. அப்படிச் செய்தால் வேண்டாத கோப்புகளிலும் அது தெரியும். புதிதாகச் சேருபவர் அது மைக்ரோசாஃப்ட் தந்தது என்றே நம்புவார். உங்கள் திட்டத்தின் சொந்த நேம்ஸ்பேஸுக்கு அதை மாற்றுங்கள். எந்தக் கோப்புக்கு அது வேண்டுமோ, அந்தக் கோப்பின் தலையில் ஒரு வரி எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.